வேலைக்குப் போக ஆணி டயர்: நூறு ஆணியா, 240 ஆணியா? (டொராண்டோ)

டான்ஃபோர்த்_கிழக்கு
டிசம்பர் 12, இரவு 9:40

வணக்கம். டொராண்டோவுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். வீடு விக்டோரியா பார்க் பக்கம், வேலை யூனிவர்சிட்டி அவென்யூவில். டான்ஃபோர்த் சைக்கிள் பாதையில் நேரே மேற்கே வந்து, பாலத்தைத் தாண்டி புளூரில் தொடர்ந்து, கடைசியில் தெற்கே திரும்புவேன். போக ஒரு பதினோரு கிலோமீட்டர், வர அதே அளவு. ஏப்ரலில் ஆரம்பித்த பழக்கம். மழைக்கே விட்டதில்லை, குளிருக்கு விட மனம் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை விழுந்துவிட்டேன். முதல் நாள் மழை, ராத்திரி மைனஸ் 6. காலை ஏழு மணி, இன்னும் வெளுக்கவில்லை. பிராட்வியூவுக்குச் சற்று முன்னால் ஒரு கடையின் கூரைக் குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் நடைபாதையைத் தாண்டி சைக்கிள் பாதையின் குறுக்கே உறைந்து கிடந்தது. ஈரத் தார் என்றுதான் நினைத்தேன். பிரேக்கைத் தொடவில்லை, ஹேண்டில்பாரைத் திருப்பவும் இல்லை. முன் சக்கரம் இடப்பக்கம் நழுவியது தெரியும், அதற்குள் வலது முழங்கை தரையில். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னால் ஒரு கார் வந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வீட்டில் சப்வேயில் போகச் சொல்கிறார்கள்.

ஆணி டயர் (ஐஸைக் குத்திப் பிடிக்கச் சின்ன உலோக ஆணிகள் பதித்த டயர்) போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். வண்டி சாதாரண ஹைபிரிட், 700×38 டயர், வி-பிரேக், முழு நீள மட்கார்டு. ஒரு கடையில் நகரத்துக்கு நூறு ஆணி போதும் என்றார்கள். இன்னொரு கடையில் 240 ஆணிக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்றார்கள். முன்னால் மட்டும் போட்டால் போதுமா? ஐஸ் உருக உப்புக் கொட்டி வெறும் தாராக இருக்கும் தெருவில் ஆணி தேய்ந்துவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டாவா_ஒன்பது
டிசம்பர் 12, இரவு 11:15

முழங்கை முதலில் ஆறட்டும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். ஒட்டாவாவில் ஒன்பது குளிர்காலமாக ஆணி டயரில் போய்வருகிறேன்.

நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். மார்கழிக் காலையில் புல்மேல் இருப்பதும் பனி, இங்கே வானத்திலிருந்து கொட்டுவதும் பனி. டயர் வாங்கும்போது மட்டும் ஸ்னோ வேறு, ஐஸ் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்னோவில் பிடிப்பது டயரின் பட்டனும் ரப்பரும். ஐஸில் பிடிப்பது ஆணி மட்டும்தான். பத்து சென்டிமீட்டர் புது ஸ்னோவில் 240 ஆணி இருந்தாலும் அதனால் பெரிய பலன் இல்லை, அவை எதையும் எட்டிக் குத்துவதில்லை.

நீங்கள் விழுந்தது ஐஸில். டொராண்டோவில் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பகலில் உருகும், ராத்திரி உறையும். பூஜ்யத்தை ஒட்டிய ஐஸ்தான் மைனஸ் 20 ஐஸைவிட மோசம், அதன் மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். ‘மைனஸ் 2 தானே’ என்று கிளம்புகிற நாளில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

இனி ஆணிக்கு வருகிறேன். எத்தனை என்பதைவிட எங்கே என்று பாருங்கள். நூறு சொச்சம் ஆணி உள்ள டயர்களில், ஷ்வால்பே வின்டர் மாதிரி, இரண்டு வரிசைதான். அதே கம்பெனியின் மாரத்தான் வின்டர் பிளஸ் 28 இஞ்சில் (உங்கள் 700 அளவுதான்) 240 ஆணி, நான்கு வரிசை. இரண்டு நடுவை ஒட்டி, இரண்டு ஓரத்தில். நேராக, சமமான ஐஸில் போகும்போது நடு வரிசையே போதும். ஆனால் கார் ஏறிய சகதி அப்படியே உறைந்தால் வயல் வரப்பு மாதிரி மேடு கட்டி நிற்கும். முன் சக்கரம் அந்த வரப்பின் சரிவில் ஏறும்போது தரையைத் தொடுவது டயரின் தோள்பட்டை. அங்கே ஆணி இல்லையென்றால், நடுவில் எத்தனை இருந்தாலும் சக்கரம் வழுக்கிக் குழிக்குள் இறங்கிவிடும். திருப்பத்தில் வண்டி சாயும்போதும் இதேதான்.

உங்கள் பதினோரு கிலோமீட்டரில் பத்தரை கிலோமீட்டர் பெரும்பாலான நாள் வெறும் தாராகத்தான் இருக்கும். டயரை அந்த மீதி அரை கிலோமீட்டருக்காக வாங்குங்கள். அது எங்கே, எப்படி இருக்கிறது என்று சொன்னால் எந்த டயர் என்று சொல்லிவிடலாம்.

அதிகாலை_ஷிஃப்ட்
டிசம்பர் 13, காலை 4:50

தம்பி, நான் ஸ்கார்பரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸ். காலை ஆறு மணி ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு உப்பு லொறி எங்கள் தெருப் பக்கம் வந்திராது. எனக்கு 26 இஞ்ச் பழைய மவுண்டன் பைக்.

முதல் வருஷம் காசை மிச்சம் பிடிக்க முன் சில்லுக்கு மட்டும் ஆணி ரயர் போட்டேன். இரண்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை, அதுவே எனக்குத் தைரியத்தைக் கூட்டிவிட்டது. பிறகு ஒரு நாள் கார் பார்க்குக்குள் திரும்பும்போது முன் சில்லு ஆணி குத்தினது போல நின்றது, பின் சில்லு மட்டும் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. இடுப்படிபட விழுந்தேன். மூன்று கிழமை நோயாளிகளைத் தூக்க இயலாமல் இருந்தது. அடுத்த சம்பளத்தில் பின்னுக்கும் வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது ஐந்தாவது வருஷம், அதே ரயர்கள்.

ஒன்று மட்டும் வாங்கக் காசிருந்தால் முன் சில்லுக்குப் போடுங்கோ. முன் சில்லு வழுக்கினால் பிடிக்க நேரமே கிடைக்காது. பின் சில்லு வழுக்கினால் பல நேரம் கால் ஊன்றித் தப்பலாம். பின்னுக்கு மட்டும் போடுவது பலனில்லாத வேலை. ஆனால் இரண்டுக்கும் போடுமட்டும் திருப்பங்களில் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கோ.

ரப்பர்_போதும்
டிசம்பர் 13, மதியம் 12:20

மாற்றுக் கருத்து ஒன்று. நானும் டொராண்டோதான், மேற்குப் பக்கம். நான்கு வருடமாக ஆணி இல்லாத குளிர்கால டயரில் போகிறேன், கான்டினென்டல் டாப் கான்டாக்ட் வின்டர். சாதாரண ரப்பர் குளிரில் விறைத்துவிடும். இதன் ரப்பர் கலவை குளிரிலும் மெத்தென்றே இருக்கும், பட்டனில் மெல்லிய கீறல்கள் நிறைய உண்டு. புளூரில் உப்பு எப்போதும் இருக்கும். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஐஸுக்காக நூறு நாள் ‘சரசர’ என்று கனமான டயரை உருட்ட வேண்டுமா? அந்தப் பத்து நாள் சப்வேயில் போகலாம் என்பது என் கணக்கு.

ஒட்டாவா_ஒன்பது
டிசம்பர் 13, மதியம் 1:05

உங்கள் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐஸ் நாளைக் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தால் ஆணி தேவையில்லை. ஆனால் இழையை ஆரம்பித்தவர் விழுந்த நாளில் தெரு முழுக்க உலர்ந்துதான் இருந்திருக்கும். ஒரு குழாய்த் தண்ணீர், இரண்டு மீட்டர் ஐஸ். அதை எந்த வானிலை அறிக்கையும் சொல்லாது. மெத்தென்ற ரப்பர் கெட்டிப்பட்ட ஸ்னோவில் அருமையாகப் பிடிக்கும், நானே பார்த்திருக்கிறேன். நனைந்த ஐஸில் அதற்குப் பிடிமானம் கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரப்பர்_போதும்
டிசம்பர் 13, மதியம் 1:30

குழாய்த் தண்ணீர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் வழியில் அப்படி இடம் இல்லை. வேலைக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது, ஒன்பதரைக்குத்தான் கிளம்புவேன்.

ஊலு_ஆய்வகம்
டிசம்பர் 13, மாலை 5:45

பின்லாந்தின் ஊலு நகரத்திலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி. 2013-இல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்த ஊர் இதுதான். சைக்கிள் பாதைகள் மட்டும் 900 கிலோமீட்டருக்கு மேல்.

இங்கே யாரைக் கேட்டாலும் ஹக்கபெலீட்டா W106 போடு என்பார்கள். நோக்கியன் என்று விற்ற டயர், இப்போது சுவோமி டயர்ஸ் என்ற பெயரில் வருகிறது. 106 ஆணி, முக்கால் கிலோ போல எடை. எனக்கு மூன்று வருடமாக அது போதுமானதாக இருக்கிறது. ஆனால் நான் அதை உங்களுக்கு அப்படியே சிபாரிசு செய்யத் தயங்குகிறேன். இங்கே மாதக்கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழேதான். பாதையில் ஸ்னோவை அழுத்திச் சமப்படுத்திவிடுகிறார்கள், மேலே பொடிக்கல் தூவுகிறார்கள். மைனஸ் 15-இல் அது சாணம் மெழுகிக் காய்ந்த முற்றம் மாதிரி கெட்டியாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். வழுக்குவதே குறைவு. நவம்பரிலும் மார்ச் கடைசியிலும் உருகி உறையும் வாரங்களில்தான் எனக்கே பயம். உங்கள் ஊரில் அந்த வாரங்கள் நான்கு மாதத்துக்கு நீள்கின்றன என்று தோன்றுகிறது. ஆகவே முன் சக்கரத்துக்கு நான்கு வரிசை என்பதே சரி.

மொன்றியல்_பட்டறை
டிசம்பர் 14, காலை 10:10

மொன்றியலில் ஒரு சமூக சைக்கிள் பட்டறையில் சனிக்கிழமைகளில் உதவுகிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து எங்களுக்கு இதே வேலைதான். இங்கே பிக்ஸி வாடகை சைக்கிளே 2023-இலிருந்து குளிர்காலத்தில் ஆணி டயரோடு ஓடுகிறது, அதனால் இப்போது நிறையப் பேர் தங்கள் வண்டிக்கும் கேட்கிறார்கள்.

தேய்மானம் கேட்டிருந்தீர்கள். ஆணியில் இரண்டு பாகம். வெளியே ஒரு உலோக உறை, நடுவே அரிசி நுனி அளவுக்கு ஒரு மொட்டு. அந்த மொட்டு டங்ஸ்டன் கார்பைடாக இருந்தால் வெறும் தாரில் பல வருடம் ஓடும். சாதாரண எஃகாக இருந்தால் ஒரே குளிர்காலத்தில் மழுங்கி ரப்பர் மட்டத்துக்கு வந்துவிடும். மலிவு டயரில் பெரும்பாலும் எஃகுதான். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெட்டியில் கார்பைடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் ஒருவர் இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய டயரைக் கொண்டுவந்தார். முந்நூறு ஆணி என்று போட்டிருந்தது. பிப்ரவரியில் விரலால் தடவிப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. மார்ச் முதல் வாரத்தில் அவர் மணிக்கட்டில் கட்டோடு வந்தார். எண்ணிக்கையை நம்பி வாங்கியதன் விளைவு.

பழைய டயரில் உள்ளிருந்து திருகாணி அடித்து வீட்டிலேயே செய்யலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். உறைந்த ஏரிமேல் ஓட்ட அது சரி. தாரில் எஃகுத் திருகாணி மிகச் சீக்கிரம் தேயும், தலைப்பக்கம் உள்ளே டியூபை அறுக்கும். மைனஸ் 15-இல் நடுரோட்டில் பஞ்சர் ஆனால் பசை ஒட்டாது, விரலும் வேலை செய்யாது. வேண்டாம்.

அடுத்தது அளவு, அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் 38-622 என்கிற மாதிரி இரண்டு எண் இருக்கும். பின்னாலிருப்பது ரிம்மின் விட்டம், அது மாறக் கூடாது. முன்னாலிருப்பது அகலம், அதில் விளையாடலாம். உங்கள் வண்டியில் மட்கார்டு இருக்கிறது. ஆணி ஒரு மில்லிமீட்டர் போல வெளியே நிற்கும், பட்டனும் உயரம் அதிகம், சகதி ஒட்டினால் அதற்கும் இடம் வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பென்சில் தடையின்றிப் போய்வர வேண்டும். போகாவிட்டால் சகதி உள்ளே இறுகி உறைந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். இன்று ராத்திரி அளந்து சொல்லுங்கள்.

டான்ஃபோர்த்_கிழக்கு
டிசம்பர் 14, இரவு 8:30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் ஷிஃப்டுக்கு முன்னால் இவ்வளவு எழுதியதற்குத் தனி நன்றி.

அளந்தேன். முன்னால் 38 டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே பென்சில் நன்றாகப் போகிறது. பின்னால் பிரேக் இருக்கும் இடத்தில் உரசிக்கொண்டுதான் போகிறது.

என் வழியையும் இன்று நடந்தே பார்த்தேன். அந்தக் குழாய்த் தண்ணீர் இடம் ஒன்று. பாலத்தின்மேல் இன்னொன்று, காற்று அடியிலும் மேலும் வீசுவதால் தெருவில் ஈரமாக இருப்பது அங்கே உறைந்துவிடுகிறது. மூன்றாவது எங்கள் வீட்டுச் சந்து. இருநூறு மீட்டர்தான், ஆனால் அங்கே உப்பு கிடையாது, ஒட்டாவாக்காரர் சொன்ன வரப்பு இப்போதே கட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சந்தைப் பார்த்ததும் நூறு ஆணியா 240-ஆ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டு சக்கரத்துக்கும் 240 வாங்க இந்த மாதம் கையைக் கடிக்கும். என்ன செய்யலாம்?

ஒட்டாவா_ஒன்பது
டிசம்பர் 14, இரவு 9:20

முன்னால் மாரத்தான் வின்டர் பிளஸ் 35-622. பின்னால் W106, அதுவும் 35-622. பின் சக்கரத்துக்கு வேண்டியது நேரே தள்ளவும் நிற்கவும் பிடிப்பு, அதற்கு 106 போதும், எடையும் விலையும் குறையும். 35 என்றால் பின்னாலும் இடம் கிடைத்துவிடும். 42 அகலம் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உங்கள் மட்கார்டுக்குள் அது போகாது. மட்கார்டைக் கழற்றாதீர்கள், உப்புத் தண்ணீர் செயினைத் தின்றுவிடும்.

காற்று விஷயத்தில் கவனம். பக்கவாட்டில் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். உலர்ந்த தெருவில் மேல் எல்லைக்கு அருகில் வைத்தால் ஓர ஆணிகள் தரையைத் தொடாது, சத்தமும் குறையும், வேகமும் கிடைக்கும். ஐஸ் நாளில் கீழ் எல்லைப் பக்கம் இறக்கினால் டயர் பரந்து நான்கு வரிசையும் வேலை செய்யும். இன்னொன்று, வீட்டுக்குள் 20 டிகிரியில் 50 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மைனஸ் 15-இல் வெளியே போனால் அது தானாகவே 42-க்கு வந்துவிடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

மொன்றியல்_பட்டறை
டிசம்பர் 14, இரவு 10:00

இந்த ஜோடிக்கு நானும் கை தூக்குகிறேன். மாட்டும்போது தோட்டக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆணி உள்ளங்கையைக் கிழிக்கும். டயரை ஒரு ராத்திரி வீட்டுக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் இளகும், ரிம்மில் ஏற்றுவது சுலபம். பக்கத்தில் அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில் மாட்டுங்கள்.

முதல் 40 கிலோமீட்டர் வெறும் தாரில் நிதானமாக ஓட்டுங்கள் என்கிறது ஷ்வால்பே. திடீர் பிரேக், எழுந்து நின்று மிதிப்பது இரண்டும் கூடாது. ஆணி தன் குழியில் நன்றாக உட்கார அந்த ஓட்டம் வேண்டும். இதைச் செய்யாமல் நேரே ஐஸில் இறங்கி ஆணிகளை உதிர்த்துவிட்டு டயரைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

தண்டவாளத்தில் ஜாக்கிரதை. மெயின் தெருச் சந்திப்பிலும் பிராட்வியூவிலும் ஸ்ட்ரீட்கார் பாதை குறுக்கே வரும். ஈர இரும்பில் கார்பைடு குத்தாது, சறுக்கும். செங்கோணத்தில் கடந்தால் ஒன்றும் ஆகாது. சாக்கடை மூடிகளுக்கும் இதேதான்.

பேட்டரி_மிதி
டிசம்பர் 15, காலை 7:25

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது பின் சக்கரத்தில் மோட்டார் உள்ள மின்சார சைக்கிள். பின்னால் 106 எனக்கும் போதுமா?

மொன்றியல்_பட்டறை
டிசம்பர் 15, காலை 8:00

உங்களுக்குப் பின்னாலும் நான்கு வரிசை போடுங்கள். மோட்டார் சட்டென்று தள்ளும்போது பின் சக்கரம் ஐஸில் சுற்றிவிடும். ஐஸ் நாளில் மோட்டார் உதவியைக் குறைந்த அளவில் வையுங்கள்.

டான்ஃபோர்த்_கிழக்கு
ஜனவரி 9, இரவு 9:15

எப்படி ஆனது என்று சொல்ல வந்தேன். நீங்கள் சொன்ன ஜோடியே வாங்கினேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெறும் தாரில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி முடித்தேன். சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவது மாதிரி. இரண்டாம் நாளே பழகிவிட்டது, பாதையில் நடப்பவர்கள் மணி அடிக்காமலே ஒதுங்குகிறார்கள். வேகம் குறைந்தது உண்மை, முன்பைவிட ஆறேழு நிமிடம் கூடுதலாகிறது.

இன்று காலைதான் உண்மையான சோதனை. நேற்று மழை, ராத்திரி மைனஸ் 7. கிளம்பும் முன் காற்றை இறக்கினேன். எங்கள் சந்தில் இறங்கி நின்று, பூட்ஸ் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தேன், கால் அப்படியே போனது. வண்டியில் ஏறி மெதுவாக மிதித்தேன். சத்தம் மாறியது. தாரில் கேட்கும் ‘சரசர’ போய், கற்கண்டைக் கடிப்பது மாதிரி ‘நறநற’ என்றது. வரப்பின் ஓரத்தில் ஏறியபோது முன் சக்கரம் அரை இஞ்ச் இறங்கி, பிடித்துக்கொண்டு நின்றது. பிராட்வியூ குழாய் இடத்துக்கு வந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நேராகப் பிடித்தபடி, மிதிப்பதை நிறுத்தாமல் போனேன். தாண்டியபின் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு ஐஸில் வெள்ளைப் புள்ளிகளாக நான்கு வரிசை, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி.

அந்தக் கடைக்காரரிடமும் பேசினேன். குழாயின் வாயைத் திருப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதிகாலை_ஷிஃப்ட்
ஜனவரி 10, காலை 4:45

சந்தோஷம் தம்பி. ஆனால் ரயர் பிடிக்கிறது என்று காலில் கவனம் விடாதேங்கோ. சிக்னலில் நிற்கும்போது சைக்கிள் நிற்கும், ஊன்றுகிற கால் வழுக்கும். நான் இரண்டு தரம் அப்படித்தான் விழுந்தேன். பூட்ஸ் அடியையும் பாருங்கோ.

டான்ஃபோர்த்_கிழக்கு
ஜனவரி 10, காலை 8:50

சரி அக்கா, இன்றே பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: எப்போது கழற்றுவது?

ஒட்டாவா_ஒன்பது
ஜனவரி 10, காலை 9:30

மார்ச்சில் நான்கு நாள் வெயில் அடித்ததும் கழற்றத் தோன்றும். ஏப்ரல் நடுவரை விட்டுவையுங்கள். கழற்றும்போது எது முன், எது பின், எந்தத் திசையில் சுற்றியது என்று சாக்கட்டியால் டயரில் குறித்து வையுங்கள். ஆணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பழகியிருக்கும், அடுத்த நவம்பரில் அதே திசையில் மாட்ட வேண்டும்.